பச்சைச்சட்டையின் ஒப்பாரி: 2019 இறுதிப்போட்டி, மறுபடியும்

பச்சைச்சட்டை: பக்கத்து இழையில் ஒரு புண்ணியவான், "2019 என்ஆர்எல் (ஆஸ்திரேலிய ரக்பி லீக்) இறுதிப்போட்டியில் நடுவர் முடிவு சரிதான், கன்பெராக்காரர்கள் ஒப்பாரியை நிறுத்தட்டும்" என்று எழுதியிருக்கிறார். சரி, வைத்தே விடுகிறேன். ஸ்கோர் 8-8. பந்து எங்கள் கன்பெரா ரெய்டர்ஸிடம். நடுவர் பென் கம்மின்ஸ் தலைக்கு மேல் கையைச் சுற்றுகிறார். அப்படியென்றால் டேக்கிள் கணக்கு (ஆறு முறை மடக்கிப் பிடிபட்டால் பந்து எதிரணிக்கு) புதிதாக ஆறு. அதை நம்பி ஜாக் வைட்டன் பந்தை உதைக்காமல் டேக்கிளில் விழுகிறார். எழுந்து பார்த்தால் பந்து எதிரணி சிட்னி ரூஸ்டர்ஸுக்கு! கொஞ்ச நேரத்தில் அவர்களுடைய டெடெஸ்கோ டிரை (கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றிப் புள்ளி எடுப்பது), 14-8. இதுவா சரி?

சேவற்கொடியோன்: பந்து எங்கள் ரூஸ்டர்ஸ் ஆள் மேல் படவே இல்லை. பட்டால்தானே புதிதாக ஆறு? தவறாகக் காட்டினார், உடனே திருத்திக்கொண்டார். முடிவு சரி என்று என்ஆர்எல்லின் ஆட்டப் பிரிவுத் தலைவராக இருந்த கிரஹாம் அன்னஸ்லியே சொல்லிவிட்டார்.

பச்சைச்சட்டை: யார் மேல் பட்டது என்றா கேட்டேன்? கையைச் சுற்றினாரா இல்லையா?

ஓரக்கோடு: ஆட்டத் தொடக்கத்தில் ரூஸ்டர்ஸின் கீரி உதைத்ததை ரெய்டர்ஸின் சோலியோலா தடுத்தாரே, அந்தப் பந்து களத்துக்குள் நின்ற ரூஸ்டர்ஸ் ட்ரெய்னர் (அணி உதவியாளர்) மேல் பட்டும் ஸ்க்ரம் (இரு அணியும் கூடி நின்று ஆட்டத்தை மறுபடி தொடங்குவது) அவர்களுக்கே போனது. அடுத்து வெரில்ஸ் டிரை. எனக்கு அதுதான் பெரிய அநியாயம்.

பச்சைச்சட்டை: அதுவும்தான். ஆனால் கை!

சேவற்கொடியோன்: ட்ரெய்னர் விஷயம் விதிப்படிதான் நடந்தது. எங்கள் குரோங்க் சின்-பின்னில் (தண்டனையாகக் களத்துக்கு வெளியே) உட்கார்ந்த பத்து நிமிடமும் நாங்கள் 12 பேர். அப்போது உங்களால் ஒரு டிரை போட முடிந்ததா? கையைப் பிடித்துத் தொங்க மட்டும் தெரிகிறது.

மட்டைப்பித்தன்: அதே ஆண்டு லார்ட்ஸில் கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதிப்போட்டியில் ஸ்டோக்ஸ் மட்டையில் பட்டு ஓடிய பந்துக்கு ஆறு ரன் கொடுத்தார்கள். ஐந்துதான் என்று முன்னாள் நடுவர் டாஃபலே சொன்னார். நியூசிலாந்துக்காரர்கள் இப்படியா அழுதார்கள்?

பச்சைச்சட்டை: வந்துவிட்டார் கிரிக்கெட்டைத் தூக்கிக்கொண்டு. போன மாதம் ஸ்க்ரம் என்றால் என்ன என்று கேட்டவர்தானே நீங்கள்?

மட்டைப்பித்தன்: கேட்டேன். நீங்கள் மூன்று பத்தி எழுதினீர்கள், ஒன்றும் புரியவில்லை.

சேவற்கொடியோன்: 😂 1994க்குப் பிறகு கோப்பையைக் கண்ணால் பார்க்காதவர்கள் பத்தி பத்தியாகத்தான் எழுதுவார்கள். நாங்கள் 2018, 2019 இரண்டும் அடித்தோம்.

பச்சைச்சட்டை: கிளைவ் சர்ச்சில் பதக்கம் யாருக்குப் போனது? தோற்ற அணியின் வைட்டனுக்கு! ஆட்டநாயகனே ஏமாந்தார் என்றால் அந்தக் கையை அவர் எவ்வளவு நம்பியிருக்க வேண்டும்?

சேவற்கொடியோன்: 'லாஸ்ட்' (கடைசி டேக்கிள்) என்று நடுவர் கத்தியதும் கேட்டிருக்க வேண்டும்.

பச்சைச்சட்டை: எண்பதாயிரம் பேர் கூச்சலிலா? உங்கள் காதே காது ஐயா.

ஓரக்கோடு: அன்று களத்தில் இரண்டு நடுவர்கள். 2020இல் ஒருவராகக் குறைத்துவிட்டார்கள்.

பச்சைச்சட்டை: இரண்டு பேர் இருந்துமா அந்தக் கூத்து!

சேவற்கொடியோன்: அதற்கும் நாங்கள்தான் காரணமா? எழுதுங்கள், நாலாவது பத்தி.