ரெஃப்ரி இல்லாத மேட்சில் ஃபௌலை யார் முடிவு செய்வது?

ஸ்னூக்கர் விதி தெரிந்த அண்ணன்மார்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

மதுரை கே.கே.நகர் பக்கம் ஒரு பார்லரில் ஞாயிறுதோறும் எட்டுப் பேர் சேர்ந்து சின்னதாகப் போட்டி வைக்கிறோம். ரெஃப்ரி கிடையாது. போன வாரம் ரெட் பந்தை அடிக்கக் குனிந்தபோது என் சட்டைக் கை பிங்க் பந்தில் உரசிவிட்டது. எதிர் ஆட்டக்காரர் க்யூ (ஆடும் கோல்) முனையில் சாக் கட்டி தேய்த்துக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை. நானே சொல்லி அவருக்கு 6 பாயிண்ட் கொடுத்தேன். (ஃபௌலுக்குக் குறைந்தது 4 என்றாலும், பட்டது 6 பாயிண்ட் மதிப்புள்ள பிங்க் என்பதால் 6.) அந்த ஃப்ரேம் (ஒரு சுற்று ஆட்டம்) கைவிட்டுப் போனது, அதில் வருத்தமில்லை.

அடுத்த ஃப்ரேமில் அவருடைய க்யூ ஒரே அடியில் வெள்ளைப் பந்தை இரண்டு முறை தொட்டது, அதுவும் ஃபௌல்தான். எனக்குச் சத்தமே கேட்டது. கேட்டேன், "இல்லப்பா" என்றார். அதற்குமேல் என்ன செய்ய? அன்று இரவு தூக்கம் வரவில்லை. தன் ஃபௌலைத் தானே சொல்வதுதான் இந்த ஆட்டத்தின் உயிர் என்று நம்புகிறவன் நான். 1880களில் இதன் விதிகள் உருப்பெற்றதே நம் ஊட்டி கிளப்பில்தானே!

இப்படி ஒருவர் "பார்த்தேன்" என்று சொல்ல, மற்றவர் "இல்லை" என்றால் உங்கள் ஊரில் எப்படித் தீர்க்கிறீர்கள்? உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவரை முன்கூட்டியே நடுவராக வைப்பீர்களா?

அப்புறம் 'மிஸ்' விதி. அடிக்க வேண்டிய பந்தைத் தொடாமல் விட்டவர் சரியாக முயலவில்லை என்று தோன்றினால், பந்துகளைப் பழைய இடத்துக்கே வைத்து மறுபடி ஆடச் சொல்லலாம், சரி. ஆனால் பழைய இடம் எது என்பதிலேயே எங்களுக்குச் சண்டை. புதிதாக ஆட வருகிற பையன்களுக்கு இதை விட்டுவிடலாமா?

ஞாயிறுக்குள் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். நீங்கள் பின்பற்றுவதை அப்படியே எழுதுங்கள்.