கோப்பியாப்போவா சினேரியா: சாம்பல் பூச்சு வரவில்லை, நுனி பச்சையாகவே வளர்கிறது

நான் இருப்பது சிலியின் சாந்தியாகோவில், மூன்றாம் மாடிக் குடியிருப்பு. போன கோடையில் ஒரு நர்சரியில் இந்தக் கள்ளியை வாங்கினேன். விதையில் வளர்த்தது, இது காட்டில் வளரும் வட சிலியின் தால்தால் மலைகளிலிருந்து திருடிப் பிடுங்கியது இல்லை. 10 செ.மீ. மண்தொட்டி.

குளிர்காலம் தொடங்கியதிலிருந்து வந்த புது வளர்ச்சியில் இந்த வகைக்கு உரிய சாம்பல் நிற மெழுகுப் பூச்சே இல்லை. நுனி வெளிர்பச்சையாக, கீழ்ப்பாகத்தைவிட ஒல்லியாக நீள்கிறது. அடி கெட்டியாகத்தான் இருக்கிறது, அழுகல் வாடை இல்லை.

இங்கே தென்கோளத்தில் வெயில் வரும் வடக்கு ஜன்னலுக்கு மாற்றினேன். பியூமிஸ் (நுண்துளை எரிமலைக் கல்) கலவையில் மறுநடவு செய்து, தண்ணீரையும் அடியோடு நிறுத்தினேன். இதன் சொந்த இடமான அட்டகாமா பாலைவனக் கடலோரத்தில் மழை கிட்டத்தட்டக் கிடையாது, கமன்சாக்கா மூடுபனிதானே இதற்கு ஈரம் என்று காலையில் லேசாகத் தெளித்தும் பார்த்தேன். இந்த ஊர்த் தண்ணீரின் உப்புக்கறை படிந்ததுதான் மிச்சம். பான் தே அசூகார் தேசியப் பூங்காவில் இதன் உறவுச்செடிகள் வடக்கே சாய்ந்து நிற்கும். என்னுடையதும் சாய்கிறது, ஆனால் இது வெளிச்சப் பற்றாக்குறை என்றே நினைக்கிறேன்.

வளர்த்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: பூச்சில்லாத இந்த நுனியோடு, இங்கே வசந்தம் தொடங்கும் செப்டம்பரில் பால்கனி நேர்வெயிலில் வைத்தால் பூச்சு உருவாகுமா, கருகிவிடுமா?