பச்சிளங்குழந்தைக்கு மூளைக்காய்ச்சல்: முதுகில் நீர் எடுக்கச் சம்மதிக்கலாமா?

கேள்வி (பாலக்கோடு, தாய்மாமன்)

என் தங்கையின் குழந்தைக்குப் பிறந்து இன்னும் இரண்டு வாரம் நிரம்பவில்லை. திடீரெனப் பால் குடிப்பதை விட்டுத் துவண்டு கிடந்ததால், உரம் விழுந்திருக்கும் என்று பெரியவர்கள் புடவையில் போட்டு உருட்டி எடுத்தார்கள். அன்று இரவே இடது கை விட்டுவிட்டு வெட்டி இழுத்ததும், 108 வண்டியை அழைத்துத் தருமபுரிக்குக் கொண்டுசென்று சேர்த்தோம். மருந்து தொடங்கிய பின் காய்ச்சல் தணிந்துவிட்டது. ஆனால் மூளைக்காய்ச்சலா என்று உறுதிசெய்ய முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுக்க வேண்டும் என்றும், கிருமி உறுதியானால் மூன்று வாரம் தங்க வேண்டியிருக்கும் என்றும் மருத்துவர் சொல்கிறார். கால் விளங்காமல் போய்விடும் என்று மைத்துனரின் தாயார் கையெழுத்துப் போட விடமாட்டேன் என்கிறார். காய்ச்சலே இல்லாதபோது இது அவசியமா?

பதில் (ஓய்வுபெற்ற செவிலியர், கிருஷ்ணகிரி)

தம்பி, தயங்காமல் சம்மதியுங்கள். பச்சிளங்குழந்தையின் தண்டுவடம் இடுப்புப் பகுதியில் ஏறக்குறைய மூன்றாவது முள்ளெலும்பு அளவிலேயே முடிந்துவிடும். ஊசியை அதற்கும் கீழே, இடுப்பெலும்பின் மேல் விளிம்பு மட்டத்தில்தான் செலுத்துவார்கள். குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகு வில்லாக வளையும்படி செவிலியர் பிடித்துக்கொள்வார். சொட்டுச் சொட்டாக விழும் நீரைச் சிறு குப்பிகளில் பிடித்தவுடன் ஊசியை எடுத்துவிடுவார்கள். தெளிந்த தண்ணீர்போல இருக்க வேண்டிய அந்த நீர் கலங்கலாக வந்தாலே எங்களுக்கு ஓரளவு தெரிந்துவிடும், ஆனாலும் வெள்ளணு, சர்க்கரை, புரதம் ஆகியவற்றின் அளவையும் கிருமி வளர்ப்புச் சோதனையையும் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

காய்ச்சலை அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். இந்த வயதில் காய்ச்சலுக்கு மாறாக உடல் சில்லிட்டுப்போவதும் உண்டு. பெரியவர்களுக்கு வரும் கழுத்து இறுக்கம் பெரும்பாலும் இராது. பால் மறுப்பு, துவளல், கீச்சென்ற அழுகை, வலிப்பு, உச்சிக்குழி புடைத்தல் ஆகியவைதாம் அறிகுறிகள், அவற்றிலும் உச்சிக்குழி தாமதமாகவே புடைக்கும். இரத்தச் சோதனையில் கிருமி வராத குழந்தைக்கும் தண்டு நீரில் இருக்கலாம் என்பதால் ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாகாது.

நாள் கணக்கும் இதை ஒட்டியதே. இரத்தத்தில் மட்டும் தொற்று என்றால் பெரும்பாலும் 7 முதல் 14 நாள் போதும். ஈ.கோலி, கிளெப்சியெல்லா போன்ற கிருமிகள் மூளை உறையைத் தாக்கியிருந்தால், இரத்த நாளம் வழியாகக் கூடுதல் அளவில் குறைந்தது 21 நாள் மருந்து செலுத்த வேண்டும். இடையில் நிறுத்தினால் கிருமி மீண்டும் தலைதூக்கும், மூளையில் சீழ்க்கட்டிகூட உண்டாகலாம். உரம் எடுப்பதைப் பற்றி இப்போது பெரியவர்களிடம் சண்டை வேண்டாம். ஆனால் பால் குடிக்காத பச்சிளங்குழந்தைக்கு இனி யாரும் அதைச் செய்யக் கூடாது.

பதில் (அரூர், ஒரு தாய்)

என் மகனுக்கும் இதே நோய் வந்து, முழு நாளும் இருந்தே திரும்பினோம். வீட்டுக்குப் போகும்முன் பெரா எனப்படும் செவித்திறன் சோதனையைக் கேட்டு வாங்குங்கள், ஏனெனில் இந்நோயால் செவிநரம்பு பாதிக்கப்படுவது உண்டு. குழந்தை சத்தத்துக்குத் திரும்புகிறதா என்று வீட்டில் கைதட்டிப் பார்ப்பது போதாது. மூளையில் நீர் கோத்தால் தலை வேகமாகப் பெருக்கும் என்பதால், ஒவ்வொரு முறையும் தலைச் சுற்றளவை அளந்து அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள். குழந்தை கழுத்து நிற்பதிலோ உட்காருவதிலோ பின்தங்கினால் அரசின் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையத்தில் பயிற்சி கொடுப்பார்கள், கட்டணம் கிடையாது.

பதில் (ஓசூர்)

தடுப்பூசி போட்டிருந்தால் இது வந்திருக்காதே?

பதில் (ஓய்வுபெற்ற செவிலியர், கிருஷ்ணகிரி)

இல்லை ஐயா. ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசியும் நிமோகாக்கல் ஊசியும் ஆறாவது வாரத்தில்தான் தொடங்குகின்றன. அவை தடுக்கும் கிருமிகளும் வேறு. பிறந்த முதல் நாள்களில் தொற்றுவது தாயின் பிறப்புப் பாதையிலிருந்தோ சுற்றியிருப்போரின் கைகளிலிருந்தோதான். பனிக்குடம் உடைந்து வெகுநேரம் ஆகியும் பிரசவம் ஆகாதவர்களின் குழந்தைகளையும், குறைமாதக் குழந்தைகளையும் கூடுதலாகக் கவனிப்பது அதனால்தான். தொப்புளில் சாம்பலோ எண்ணெயோ வைக்காமல் உலர்வாக விடுங்கள். தூக்க வருபவர்கள் யாராக இருந்தாலும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.