கொடிமலைப் பாறையில் இருப்பது பனியாறு கீறிய தடமா?

தேவி, பாயான் லெப்பாஸ்:
ஞாயித்துக்கிழமை பினாங்கு கொடிமலைக்கு நடந்தே ஏறினோம். வழியில ஒரு பெரிய கருங்கல். மேலிருந்து கீழ வரைக்கும் வரிசையா பள்ளம், கையை விட்டா முழங்கை வரைக்கும் போகுது. பனியாறு, அதான் மெதுவா நகர்ற பெரிய பனிக்கட்டி, போன தடம்னு மகன் அடிச்சுப் பேசுறான், வீடியோவுல பார்த்தானாம். படம் போட்டிருக்கேன். உண்மையா?

ஆயிர் ஹீத்தாம் வாசி:
பினாங்குல ஐஸ்னா ஐஸ் கச்சாங் மட்டும்தான் லா!

குவாரி மாமா:
படத்தைப் பெருசாக்கிப் பார்த்தேம்மா. அது மழை வேலை. பள்ளமெல்லாம் தண்ணி வழியுற போக்குலேயே நேரா இறங்குது பாருங்க. அந்த உருண்டைக் கல்லையும் எந்தப் பனியும் கொண்டுவரல. மண்ணுக்குள்ள இருக்கும்போதே வெடிப்பு வழியா தண்ணி இறங்கி, மூலையெல்லாம் மக்கிப்போகும். மேல் மண் கரைஞ்சதும் மக்காத நடுக்கல் வெளிய நிக்கும். குவாரியில மண்ணை வழிக்கிறப்போ இது வெங்காயம் மாதிரி தோல் தோலா உரியும்.

பனியாத்துக் கீறல் வேற ரகம். வெறும் ஐஸ் கருங்கல்லைக் கீறாது. அடியில மாட்டின கல்லும் மணலும்தான் கீறும். கோடெல்லாம் மெல்லிசா, இணையா, பாறையோட மேடு பள்ளத்தைச் சட்டை பண்ணாம ஒரே திசையில ஓடும். மேடு இருந்தா, பனி வந்து ஏறின பக்கம் வழவழப்பு, தாண்டின பக்கம் பிச்சு எடுத்த சொரசொரப்பு. பனி எங்கிருந்து வந்துச்சுன்னு அதை வெச்சே சொல்லிடலாம்.

தேவி:
நன்றி அங்கிள். பையன் மூஞ்சி தொங்கிப்போச்சு. மலேசியாவுல எங்கேயுமே இல்லையா?

குவாரி மாமா:
ஏன் இல்ல? சபாவுல கினபாலு மலை இருக்கே, 4,095 மீட்டர். பனியுகத்துல உச்சி பனி மூடிக் கிடந்துச்சு. மேல்தளத்துப் பாறையை அதுதான் வழிச்சு விட்டது. 'கழுதைக் காது' மாதிரி சிகரங்க பனிக்கு மேல தலை நீட்டி நின்னதால இன்னும் கூரா இருக்கு.

லங்காவி அதைவிடப் பழைய கதை, ஏறத்தாழ 30 கோடி வருஷம். தென்மேற்குத் தீவுகள்ல சிங்கா பாறை அடுக்குன்னு ஒண்ணு. நைஸான சேத்துப்பாறைக்கு நடுவுல சம்பந்தமே இல்லாம ஒத்தைக் கூழாங்கல் பதிஞ்சிருக்கும். மிதந்து வந்த பனிக்கட்டி உருகி, கடலடிச் சேத்துல போட்ட கல் அது. அப்போ இந்தப் பக்கத்து நிலம் கோண்டுவானாங்கிற பழைய தெற்குப் பெருங்கண்டத்தோட ஓரத்துல இருந்துச்சு. ஒடிசா தால்ச்சீர்லயும் அந்தக் காலத்துப் பனி போட்ட கல் உண்டு, 1856லயே கண்டுபிடிச்சுட்டாங்க.

பட்டர்வொர்த் பாலன்:
பினாங்குக்கும் பனியுகத்துல பங்கு உண்டு. அவ்வளவு தண்ணியும் பனியா நின்னதால கடல் 120 மீட்டர் வரைக்கும் இறங்கிப்போச்சு. இங்கிருந்து கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஜார்ஜ் டவுனுக்கு நடந்தே போயிருக்கலாம்.

குவாரி மாமா:
சரியா சொன்னீங்க. தேவி, முதல்ல லங்காவிக்கே கூட்டிட்டுப் போங்க. கினபாலுன்னா பர்மிட், வழிகாட்டி எல்லாம் வேணும். ஆனா கூழாங்கல்லைப் பேத்து எடுத்துட்டு வர விடாதீங்க, அது ஜியோபார்க், பாறைகளைப் பாதுகாக்கிற இடம்.