தலைமயிர் நடும் சத்திரசிகிச்சை வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் எதைக் கணக்கில் எடுத்தார்கள்?

வெள்ளவத்தைவாசி எழுதியது:

எனக்கு 31 வயது. கோட்டையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். 25 வயதில் நெற்றியின் இரு ஓரங்களும் மேலேறத் தொடங்கின. இப்போது உச்சியும் வெளித்துவிட்டது. வீட்டில் திருமணப் பேச்சு நடக்கிறது. அம்மா இதைப் பற்றி என்னிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை. ஆனால் பெண் வீட்டாருக்குப் படம் அனுப்பும்போது நான்கு வருடங்களுக்கு முந்திய படத்தையே தேடி எடுக்கிறார். அதைக் காணும்போது மனம் வலிக்கிறது.

கடந்த மாதம் காலி வீதியில் உள்ள ஒரு தனியார் நிலையத்துக்குச் சென்றேன். இருபது நிமிடங்களுக்குள் நெற்றியில் பென்சிலால் கோடு வரைந்து, 2500 கிராஃப்ட் (நடுவதற்கு எடுக்கும் மயிர்வேர்த்தொகுதி) போதும் என்று கூறி, நாளும் குறித்து, முற்பணம் எவ்வளவு என்றும் சொல்லிவிட்டார்கள். நானும் ஏறக்குறையச் சம்மதித்துவிட்டேன். ஆனால் எனக்குத் தெரிந்த மூவர், கையில் பணம் இருந்தும், வைத்தியரைப் பார்த்த பிறகும், இந்தச் சிகிச்சையைச் செய்யாமல் விட்டிருக்கிறார்கள். காரணம் கேட்டால் "வேண்டாம் என்று பட்டது" என்பதற்கு மேல் எவரும் சொல்வதில்லை. இங்கே அப்படி முடிவெடுத்தவர்கள் இருந்தால், எதை யோசித்து விட்டீர்கள் என்று விரிவாக எழுதுங்கள். ஆறுதல் வார்த்தைகள் எனக்குப் போதுமான அளவு கிடைத்துவிட்டன, காரணங்கள்தான் கிடைக்கவில்லை.

கொட்டாஞ்சேனை ஆசிரியர் எழுதியது:

தம்பி, நான் 38 வயதில் நாள் குறித்துவிட்டுக் கைவிட்டவன். இப்போது 49 வயது. பணம் ஒரு காரணமே அல்ல. ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தேன், அந்தக் கணக்கு எனக்குச் சரிவரவில்லை.

இந்தச் சிகிச்சை புதிதாக மயிரை உண்டாக்குவதில்லை. பின் தலையிலும் காதுகளுக்கு மேலும் உள்ள மயிர்வேர்கள் மயிரை உதிரச் செய்யும் டீஎச்டீ என்னும் ஹோர்மோனுக்கு எளிதில் பணிவதில்லை என்பதால், அவற்றை எடுத்து முன்னே நடுகிறார்கள். இடம் மாறினாலும் அவை தங்கள் பழைய குணத்தையே வைத்திருக்கும் என்பதை நியூயோர்க்கின் தோல் வைத்தியர் நோர்மன் ஓரன்ட்றைக் 1959 இல் எழுதினார். இன்றுவரை முழுத் தொழிலும் அந்த ஒரு உண்மையின் மேல்தான் நிற்கிறது. ஆகவே பின் தலையை ஒரு சேமிப்புக் கணக்காக நினைத்துக்கொள்ளுங்கள்; அதிலிருந்து எடுக்க மட்டுமே முடியும், மீண்டும் வைப்புச் செய்ய முடியாது.

கிராஃப்ட் என்பது ஒன்று முதல் நான்கு மயிர்கள் வரை சேர்ந்து முளைக்கும் ஒரு சிறு வேர்த்தொகுதி. என் பின் தலையிலிருந்து, அந்த இடம் வெளித்துத் தெரியாமல், வாழ்நாள் முழுவதற்கும் 5000 அளவில்தான் எடுக்கலாம் என்று என்னைப் பரிசோதித்த தோல் வைத்திய நிபுணர் மதிப்பிட்டார். பிறகு என் தந்தையாரின் படத்தைக் கேட்டார். வழுக்கையை ஏழு படிகளாகப் பிரிக்கும் ஓர் அளவுகோல் உண்டு. 1951 இல் ஹமில்டன் தொடங்கியதை 1975 இல் நோர்வூட் திருத்தி அமைத்தார். அப்பா ஆறாம் படியில் இருந்தார். நானும் அங்கே போய்ச் சேர்ந்தால் வெளிக்கும் பரப்பு ஏறத்தாழ 200 சதுர சென்ரிமீற்றர் இருக்கும் என்றார் அவர். சதுர சென்ரிமீற்றருக்கு 35 கிராஃப்ட் என்று வைத்தாலும் 7000 வேண்டும். இயற்கையான அடர்த்தியில் இது ஏறத்தாழப் பாதிதான். என்னிடமோ 5000.

உங்களுக்குச் சொல்லப்பட்ட 2500 இந்த இடத்தில்தான் முக்கியமாகிறது. நட்ட மயிர் நிற்கும். ஆனால் அதற்குப் பின்னால் உள்ள உங்கள் சொந்த மயிர் உதிர்வதை நடுகை தடுக்காது. 31 வயதில் தாழ்வாக ஒரு நெற்றிக்கோட்டை அமைத்துவிட்டால், 45 வயதில் முன்னே ஒரு திட்டும் அதன் பின்னே வெறும் தோலும் மிஞ்சக்கூடும். அப்போது இரண்டாம் முறை செய்ய வேண்டும். கணக்கிலோ பாதி தீர்ந்திருக்கும். எனக்குப் பயமாக இருந்தது வழுக்கை அல்ல, பாதியில் நிற்கும் வேலைதான். இருபது நிமிடத்தில் கோடு வரைந்தவர்கள் உங்கள் அப்பாவின் தலையைப் பற்றியும், அம்மாவின் சகோதரர்களைப் பற்றியும் கேட்டார்களா? இந்த மரபு இரு பக்கத்தாலும் வரும். கேட்கவில்லை என்றால் முற்பணம் கட்டாதீர்கள்.

பம்பலப்பிட்டி மருந்தாளர் எழுதியது:

ஆசிரியர் ஐயா கூறிய "பின்னால் உதிர்வதை" நிறுத்தத்தான் மருந்து தருகிறார்கள், அதனால் அந்தப் பகுதியை மட்டும் நான் சேர்க்கிறேன். நடுகை செய்தவர்களில் பெரும்பாலானோருக்கு பினாஸ்டரைட் மாத்திரையோ மினொக்ஸிடில் பூச்சோ, சில வேளை இரண்டுமோ, தொடர்ந்து பரிந்துரைக்கப்படுகின்றன. அமெரிக்காவில் வழுக்கைக்கான 1 மில்லிகிராம் பினாஸ்டரைட்டுக்கு 1997 இல் அனுமதி கிடைத்தது. அது பலருக்கு நன்றாக வேலை செய்கிறது என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் நிறுத்தினால், காத்த மயிர் ஓராண்டுக்குள் பெரும்பாலும் போய்விடும். ஆகவே சத்திரசிகிச்சையின் விலை என்று சொல்லப்படுவது முதல் தவணை மட்டுமே.

சிறு பங்கினருக்குப் பாலுணர்வு குறைதல் போன்ற பக்கவிளைவுகள் வரலாம். மனச்சோர்வும் எச்சரிக்கையில் குறிப்பிடப்படுகிறது. மேலும், ஆண்களின் புரொஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் உண்டா என்று அறியும் குருதிச் சோதனையில் பார்க்கும் பீஎஸ்ஏ அளவை இந்த மாத்திரை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துக் காட்டும் என்பதால், நடுவயதுக்குப் பிறகு எந்த வைத்தியரைப் பார்த்தாலும் இதைச் சொல்லியே ஆக வேண்டும். என்னிடம் மருந்து வாங்க வந்த ஒருவரின் காரணம் இன்றும் என் நினைவில் இருக்கிறது. அவர் நாரஹேன்பிட்டியிலுள்ள தேசிய குருதி நிலையத்தில் பல வருடங்களாகக் குருதி கொடுப்பவர். பினாஸ்டரைட் எடுப்போர் கடைசி மாத்திரையின் பின் ஒரு மாதம் செல்லும்வரை குருதி கொடுக்க வேண்டாம் என்று பல நாடுகளில் சொல்கிறார்கள், ஏனெனில் அந்தக் குருதி ஒரு கர்ப்பிணிக்குச் சென்றால் வயிற்றிலுள்ள ஆண் சிசுவுக்குப் பாதிப்பு வரலாம். அதைக் கேட்டதும் அவர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். மருந்தில்லாமல் நடுவதில் பயனில்லை என்று நடுகையையும் விட்டுவிட்டார்.

தெகிவளைக்காரர் எழுதியது:

நான் செய்துகொண்டவன். என்னைப் பார்த்துச் செய்யாமல் விட்டவன் என் தம்பி. இரண்டையும் எழுதுகிறேன்.

2009 இல் சென்னைக்குச் சென்று, பின் தலையிலிருந்து ஒரு நீளத் தோற்பட்டையை வெட்டி எடுத்து அதிலுள்ள வேர்களைப் பிரித்து நடும் முறையில் செய்துகொண்டேன். மரக்கச் செய்யும் ஊசி போட்டு ஏழு மணி நேரம் படுத்திருந்தேன். முதல் மாதத்தில் நட்ட மயிர் எல்லாம் உதிர்ந்தது. அப்படித்தான் உதிரும் என்று முன்பே சொல்லியிருந்தும் நான் உறங்கவில்லை. நான்காம் மாதம் முளை கண்டது, ஓராண்டில் முன்பக்கம் நன்றாக வந்தது. அதில் எனக்குக் குறை இல்லை.

2018 இல் அப்பா காலமானார். மூத்த மகன் நான். கொள்ளி வைப்பதற்கு முன் தலையை மழிக்க வேண்டும். மழித்தபோது ஒரு காதிலிருந்து மறு காது வரை செல்லும் வெள்ளைத் தழும்பு எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. கனத்தை மயானத்தில் உறவினர் ஒருவர் என் தோளைத் தொட்டு, எப்போது விபத்து நடந்தது என்று மெதுவாகக் கேட்டார். அம்மாவிடம் நான் அதுவரை எதுவும் சொல்லியிருக்கவில்லை. அன்றைய துக்கத்தின் நடுவிலும் அவர் என் பின் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

தம்பிக்கு அதற்கு அடுத்த மாதம் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தது. அவனுக்குச் சொல்லப்பட்டது ஒவ்வொரு வேராகத் தோண்டி எடுக்கும் புதிய முறை. அதில் நீளத் தழும்பு வராது, சிறு சிறு வெள்ளைப் புள்ளிகள்தான் வரும், அதிகம் எடுத்தால் பின் தலை ஐதாகும். அவன் முதலில் நாளைத் தள்ளிப்போட்டான், பிறகு போகவே இல்லை. எந்த நாளிலும் தலையை முழுதாக மழித்துக்கொள்ளும் உரிமையை விற்க விருப்பமில்லை என்று என்னிடம் சொன்னான். இப்போது மாதம் இருமுறை சலூனில் ஒட்ட வெட்டிக்கொள்கிறான். அதை என்னால் செய்ய முடியாது.

வெள்ளவத்தைவாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. தெகிவளை அண்ணா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு நெடுநேரம் எதுவும் எழுத முடியவில்லை.

ஆசிரியர் ஐயா சொன்னபடி பழைய படங்களைத் தேடினேன். அப்பாவுக்கு 60 வயதிலும் நெற்றி மட்டுமே ஏறியிருந்தது. ஆனால் பெரிய மாமா, சின்ன மாமா இருவரும் ஐம்பதுக்கு முன்பே ஆசிரியர் ஐயாவின் அப்பாவின் நிலைக்கு வந்திருந்தார்கள். நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்து, 2500 எடுத்த பின் என் பின் தலையில் இன்னும் எத்தனை எடுக்கலாம் என்று கேட்டேன். அது பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். முற்பணம் கட்டவில்லை.

நான் மாமாக்களின் படங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது அம்மா வந்து அருகில் இருந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தன் தம்பிமாரின் தலையை எண்ணி அவர் ஒருநாளும் கவலைப்பட்டதில்லையாம். சனிக்கிழமை புதிதாக ஒரு படம் எடுத்துக் கொடுக்கப் போகிறேன். தோல் வைத்திய நிபுணரிடம் அடுத்த மாதத்துக்கு நாள் கிடைத்திருக்கிறது. மருந்தாளர் குறிப்பிட்ட மாத்திரையை மட்டும் ஓராண்டு எடுத்துப் பார்ப்பது எனக்குப் பொருந்துமா என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும். கேட்ட பின் இங்கே எழுதுகிறேன்.