1965 எம்ஜிபி: டியூப் ஆக்சில் மாட்டிய பிறகு 'டங்' சத்தம், அதிர்வு, டிரம்முக்குள் ஆயில்

பான்ஜோ65:
வணக்கம். வண்டி 1965 எம்ஜிபி ரோட்ஸ்டர் (திறந்த கூரை பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்). முதல் கியருக்கு சின்க்ரோ (கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) இல்லாத பழைய கியர்பாக்ஸ், கம்பி வீல். பான்ஜோ ஆக்சில் (பழைய வகைப் பின் ஆக்சில்) ஊளையிட்டுக்கொண்டே இருந்ததால் இறக்கிவிட்டு, 1972 வண்டியிலிருந்து வந்த டியூப் ஆக்சிலை (அடுத்து வந்த வகை) ஏற்றியிருக்கிறேன். அதுவும் கம்பி வீல் வண்டியுடையதுதான். கூடவே வந்த புரொப்பல்லர் ஷாஃப்டையும் (கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) மாட்டிவிட்டேன். ஊளை போய்விட்டது, ஆனால் நான்கு புதுத் தொல்லைகள்.

கிளட்சை விடும்போதும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போதும் பின்னால் 'டங்' என்று ஒரு அடி. மணிக்கு 50 மைல் தாண்டினால் சீட்டுக்கு அடியில் அதிர்வு. வலது பிரேக் டிரம்மைக் கழற்றினால் உள்ளே ஆயில். ஹேண்ட் பிரேக் கேபிளை இழுத்துத்தான் கொக்கியில் மாட்ட முடிந்தது, இப்போது பிரேக் ஷூ உரசுகிறது. டிஃப்ரன்ஷியலுக்கு (ஆக்சில் நடுவில் உள்ள கியர் தொகுதி) புத்தகத்தில் உள்ளபடி 1.28 லிட்டர் ஈபி 90 கியர் ஆயில் ஊற்றினேன். எங்கிருந்து தொடங்குவது?

கிரீஸ்கை:
ஆயிலிலிருந்தே தொடங்குங்கள். 1.28 லிட்டர் பான்ஜோவின் கணக்கு. டியூப் ஆக்சிலுக்கு 0.85 லிட்டர்தான். அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடுதல் ஆயில் உள்ளே நிற்கிறது, அது ஆக்சில் ஷாஃப்ட் வழியாக டிரம்முக்குத்தான் போகும். வண்டி சமமாக நின்றிருந்தால் லெவல் துளையிலேயே வழிந்து உங்களுக்குச் சொல்லியிருக்கும். பின்பக்கத்தை ஸ்டாண்டில் தூக்கி வைத்தபடி ஊற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வால் உயர்ந்திருந்தால் ஆயில் பினியன் (புரொப்பல்லர் ஷாஃப்ட் சேரும் முன்பக்கச் சின்ன கியர்) பக்கம் ஓடிவிடும், பின் மூடியில் இருக்கும் துளை வரை நிரப்ப எவ்வளவு ஊற்றினாலும் குடிக்கும். நான்கு சக்கரமும் ஒரே மட்டத்தில் இருக்கும்போது லெவல் பிளக்கைத் திறந்து, வழிவது நிற்கும் வரை விடுங்கள்.

அப்படியே ஹவுசிங் மேலே உள்ள பிரீதரையும் (காற்றுப் போக்கி) பாருங்கள். இறக்கி வைத்திருந்த ஆக்சிலில் அதன் துளை மண்ணும் பெயின்ட்டும் அடைத்துக் கிடப்பது சகஜம். ஓடிச் சூடாகும்போது உள்ளே அழுத்தம் ஏறும், வெளியேற வழி இல்லாவிட்டால் புது சீலையும் தாண்டும்.

ஆயில் குடித்த ஷூவைப் பெட்ரோலில் கழுவி மறுபடி போடாதீர்கள். சூடானதும் உள்ளிருந்து கசியும், பிரேக் ஒரு பக்கம் இழுக்கும். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள்.

பட்டை_ஷாக்கிள்:
அதிர்வுக்கு நான் சந்தேகப்படுவது அந்த ஷாஃப்டைத்தான். 1972 வண்டியில் நான்கு கியருக்கும் சின்க்ரோ உள்ள கியர்பாக்ஸ், உங்களுடையது வேறு. அதன் ஷாஃப்ட் உங்கள் வண்டிக்கு நீளம் சரியாக இருக்கும் என்று நம்பக் கூடாது. பழைய பான்ஜோ ஷாஃப்டும் உதவாது. உங்கள் கியர்பாக்ஸும் டியூப் ஆக்சிலும் சேர்ந்தே தொழிற்சாலையிலிருந்து வந்த வண்டி 1965-67 எம்ஜிபி ஜிடி (மூடிய கூரை வகை). ஜிடிக்கு ஆரம்பத்திலிருந்தே டியூப் ஆக்சில்தான், ரோட்ஸ்டருக்கு 1967இல்தான் வந்தது. அந்த ஜிடியின் ஷாஃப்டைத் தேடுங்கள், இல்லாவிட்டால் அளவு கொடுத்துச் செய்து பேலன்ஸ் போட்டு வாங்குங்கள்.

அளவெடுக்கும்போது பலர் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. பாடியில் ஜாக்கி கொடுத்து ஆக்சிலைத் தொங்கவிட்டு அளக்கிறார்கள். லீஃப் ஸ்பிரிங்கின் (பட்டை வில்லின்) முன் கண் நிலையானது, பின் முனைதான் ஷாக்கிளில் (ஆடும் இணைப்பில்) ஆடுகிறது. பாரம் ஏறிப் பட்டை தட்டையாகும்போது ஆக்சில் பின்னால் நகரும். தொங்கும்போது எடுத்த அளவு அதனால் குறைவாக வரும். சக்கரத்தில் பாரம் நிற்கும்போது கியர்பாக்ஸ் ஃபிளாஞ்ச் (ஷாஃப்டைப் போல்ட் போடும் வட்டத் தட்டு) முகத்திலிருந்து பினியன் ஃபிளாஞ்ச் முகம் வரை அளந்துகொள்ளுங்கள். அந்த நிலையில் ஸ்லைடிங் ஜாயின்ட் (ஷாஃப்டின் நீளம் கூடிக் குறைய விடும் வழுக்கு இணைப்பு) முழுக்க உள்ளே முட்டியும் நிற்கக் கூடாது, நுனியில் தொற்றிக்கொண்டும் நிற்கக் கூடாது. முட்டினால் கியர்பாக்ஸ் பேரிங் போகும். நுனியில் நின்றால் ஸ்ப்ளைன் (நீளவாக்குப் பல்) ஆடி, நீங்கள் சொல்லும் அதிர்வு வரும்.

இன்னொன்று, ஸ்லைடிங் ஜாயின்ட்டைப் பிரித்து கிரீஸ் வைத்தீர்களா? திரும்பச் சேர்க்கும்போது இரண்டு அம்புக்குறியும் நேருக்கு நேர் வர வேண்டும். ஒரு பல் தள்ளிப் போட்டாலும் இரண்டு முனை நுகங்களும் (ஜாயின்ட் கிராஸைப் பிடிக்கும் கவைகள்) ஒரே தளத்தில் இல்லாமல் போகும், வேகம் ஏற ஏற ஷாஃப்ட் உதறும்.

பான்ஜோ65:
பிரித்தேன் அண்ணா. அம்புக்குறி இருப்பதே தெரியாது. இப்போது துடைத்துப் பார்த்தால் ஒரு பல் தள்ளித்தான் இருக்கிறது. பாரத்தோடு அளவெடுத்து ஷாஃப்ட் கடைக்கு அனுப்பிவிட்டேன். லெவல் பிளக்கைத் திறந்ததும் ஆயில் கொட்டியது, பிரீதரும் அடைத்திருந்தது. ஆனால் 'டங்'?

கிரீஸ்கை:
அதற்கு மூன்று இடம் இருக்கிறது, ஒவ்வொன்றாகக் கழித்துப் பாருங்கள்.

முதலில் கம்பி வீல் ஸ்ப்ளைன். ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடிக்கட்டும், நீங்கள் டயரை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹப் (வீல் உட்காரும் மையம்) நிற்க வீல் மட்டும் நகர்ந்தால் ஹப்பின் பல் தேய்ந்துவிட்டது. விரலால் தடவினாலே பல்லின் நுனி கூராக இருப்பது தெரியும். அப்படியிருந்தால் புது வீல் மாட்டியும் பயனில்லை, தேய்ந்த ஹப் அதையும் தின்றுவிடும்.

அடுத்தது, ஆக்சிலை ஸ்பிரிங்கோடு கட்டும் யூ-போல்ட். ஸ்பிரிங்கின் நடு போல்ட் தலை, ஆக்சில் பேடின் துளையில் உட்கார்ந்திருக்கிறதா? உட்காராவிட்டால் ஆக்சில் கோணலாக நின்று ஒவ்வொரு முறையும் அடிக்கும். பான்ஜோவின் ரப்பர் பேடையும் யூ-போல்ட்டையும் இதற்குப் போட்டிருந்தால் கழற்றிவிட்டு டியூப் ஆக்சிலுக்கு உரியதை வாங்குங்கள். ரப்பர் அமுங்கும் என்பதால் சில நூறு மைல் ஓடியதும் நட்டை மறுபடி இறுக்க வேண்டும். ஸ்பிரிங் புஷ் போல்ட்டைக் கடைசியாக, வண்டி தரையில் நிற்கும்போதுதான் முடுக்க வேண்டும். தொங்கும்போது முடுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.

மூன்றாவது டிஃப்ரன்ஷியலின் த்ரஸ்ட் வாஷர் (கியர்களின் பின்னால் ஆட்டத்தைத் தடுக்கும் வளையம்). எம்ஜிபியில் 'டங்' என்றால் என் பந்தயம் எப்போதும் இதில்தான். ஒரு பின் சக்கரம் தரையில், மற்றது தூக்கி, வண்டி கியரில். முன் சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிடுங்கள். தூக்கிய சக்கரத்தைத் திருப்பினால் எவ்வளவு தூரம் சும்மா சுற்றுகிறது என்று டயரில் சாக்பீஸால் குறியுங்கள். அதற்குள் பினியன் ஃபிளாஞ்ச் அசைந்தால் ஆட்டம் ஜாயின்ட் கிராஸிலோ கியர்பாக்ஸிலோ இருக்கிறது. ஃபிளாஞ்ச் அசையாமல் சக்கரம் மட்டும் ஆடினால் டிஃப்ரன்ஷியலுக்குள்.

பான்ஜோ65:
ஹப் பல் நன்றாக இருக்கிறது. யூ-போல்ட் செட் புதிது, டியூப் ஆக்சிலுக்கு உரியதுதான். சக்கரம் டயரில் ஒன்றரை இன்ச் சும்மா சுற்றுகிறது, ஃபிளாஞ்ச் அசையவில்லை. ஆக்சிலை மறுபடி இறக்க வேண்டுமா?

கிரீஸ்கை:
வேண்டாம், வண்டியிலேயே முடியும். வலது சீலுக்கு எப்படியும் ஹப்பைக் கழற்றப் போகிறீர்கள், இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்யுங்கள். டிரம்மைக் கழற்றும் முன், காட்டர் பின்னை எடுத்துவிட்டு, ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க நடு நட்டைத் தளர்த்துங்கள். சாக்கெட் 1 5/16 இன்ச். பிறகு ஹப், பேக் பிளேட் (ஷூ மாட்டும் தட்டு) இரண்டையும் கழற்றுங்கள். இரண்டு ஆக்சில் ஷாஃப்டையும் சில இன்ச் வெளியே இழுத்தால் போதும். பின் மூடியைத் திறந்து, சிறிய லாக் பின்னைத் தட்டி எடுத்து, குறுக்குப் பின்னை வெளியே தள்ளுங்கள். பெரிய கியரை (ஆக்சில் ஷாஃப்ட் செருகும் கியர்) கையால் சுற்றினால் இரண்டு சின்னப் பினியன்களும் கூண்டின் ஜன்னலுக்கு வரும். அவற்றின் பின்னால் செம்பு வாஷர் இரண்டு, பெரிய கியர்களின் பின்னால் ஃபைபர் வாஷர் இரண்டு. பழைய ஃபைபர் தூளாக வந்தால் ஆச்சரியப்படாதீர்கள், ஆனால் துண்டு எதையும் உள்ளே விட்டுவிடாதீர்கள். குறுக்குப் பின்னில் நகத்துக்குத் தட்டுப்படும் பள்ளம் இருந்தால் அதையும் மாற்றுங்கள். கிரவுன் வீலை (முன்பக்கப் பினியன் சுழற்றும் பெரிய பல் வட்டம்) தொடாதீர்கள். டியூப் ஆக்சிலில் அதை எடுக்க ஹவுசிங்கை விரிக்கும் கருவி வேண்டும், சும்மா இருக்கிற மெஷை (பல் பொருத்தத்தை) நீங்களே கெடுத்து ஊளையைத் திரும்ப வரவழைப்பீர்கள்.

திரும்பப் பூட்டும்போது ஹப் நட்டுக்குப் பின்னால் கூம்பு வடிவப் பிளவு காலர் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் பூட்டினால் ஹப் ஷாஃப்டில் ஆடி ஸ்ப்ளைனைத் தின்னும், ஆயிலும் அந்த வழியாகக் கசியும். நட்டை 150 பவுண்டு-அடி முறுக்கு விசைக்கு இறுக்குங்கள். காட்டர் பின் துளை நேராக வராவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள், பின்னுக்குத் தளர்த்தாதீர்கள். சீல் உரசும் காலரில் பள்ளம் விழுந்திருந்தால் புது சீலும் நிற்காது.

பட்டை_ஷாக்கிள்:
ஹேண்ட் பிரேக் கேபிள் பான்ஜோவுக்கும் டியூபுக்கும் வேறு, கம்பி வீலுக்கும் சாதா வீலுக்கும் வேறு. கம்பி வீல் டியூப் ஆக்சில் என்று சொல்லி வாங்குங்கள். போட்டதும் கேபிளைத் தொடாமல் முதலில் ஷூவைச் சரிசெய்யுங்கள். பேக் பிளேட்டின் சதுரத் தலை அட்ஜஸ்டரை டிரம் நிற்கும் வரை இறுக்கி, உரசல் போகும் வரை மட்டும் தளர்த்துங்கள். கேபிள் நீளம் அதற்கு அப்புறம். ஸ்பீடோமீட்டரைத் தொட வேண்டாம், இரண்டு ஆக்சிலின் கியர் விகிதமும் 3.909தான்.

ஹப்பைக் கழற்றும்போது இடது வலது என்று எழுதி வையுங்கள். கம்பி வீலைப் பூட்டும் வெளி நட்டுக்கு, இடது ஹப்பின் மரை சாதாரணமானது, வலது ஹப்பின் மரை எதிர்த்திசை. அந்த வெளி நட்டின் மேல்பக்கம் வண்டியின் பின்னோக்கிப் போகும்படி திருப்பினால் இரண்டு பக்கமும் இறுக வேண்டும். மாறிப் பூட்டியிருந்தால் ஓட ஓட நட்டு தானாகக் கழன்று வரும். வேறு யாரோ பிரித்துப் பூட்டிய ஆக்சில் என்பதால், ஒரு மைல்கூட ஓட்டும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

பான்ஜோ65:
இப்போதே போய்ப் பார்த்தேன், மரை சரியாக இருக்கிறது. வலது பக்கப் பிளவு காலர்தான் இல்லை.