கடலோரம் நின்ற பென்ஸ் எஸ்எல்: வாங்கலாமா?

கேள்வி: குளச்சல் பக்கம் 1994 பென்ஸ் எஸ்எல் 320 ஒண்ணு விலைக்கு வருது, துணிக்கூரை மடங்குற வண்டி. பெயிண்ட் பளபளன்னு இருக்கு. முதல்ல எதைப் பார்க்கணும் அண்ணாச்சி?

பதில்: பெயிண்டை விடுங்க. ஜாக்கி வைக்கிற நாலு இடத்திலும் மூடியைக் கழற்றி ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாருங்க. உப்புக்காத்து அங்கதான் தின்னும். கால்பக்க கார்பெட்டுக்கு அடியிலயும் ஈரம் இருக்கான்னு தடவுங்க.

பதில்: கூரையை மூணு தடவை திறந்து மூடச் சொல்லுங்க. முன்கண்ணாடிக்கு மேலே, எண்ணெய் அழுத்தத்துல கூரையை இயக்குற ஹைட்ராலிக் சிலிண்டர்ல சீல் (எண்ணெய் கசியாம தடுக்கிற வளையம்) போயிருந்தா சன்வைசர்ல, அதான் வெயில் மறைப்புப் பலகையில, எண்ணெய்க் கறை தெரியும். பயப்படாதீங்க, சீல் மட்டும் மாத்தலாம்.

பதில்: பெரிய செலவு வயரிங். அந்த வருஷத்து என்ஜின் வயர் உறை சூட்டுல நொறுங்கும். வயரை லேசா வளைங்க. உறை பொடியா உதிர்ந்தா முழு ஹார்னஸும், அதாவது என்ஜின் வயர்க்கட்டு மொத்தமும், மாத்தணும். அதை விலையில கழிங்க.